தீயில் பிறந்த கோடு



‘நகல்’ என்னும் சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. தேர்வில் பிறனைப் பார்த்து எழுதிய மாணவனைத் தண்டிக்கிறோம். பிறர் எழுதியதைத் தமது என்று அச்சிட்டவரை இகழ்கிறோம். அது முறையே. ஆயினும் ஒன்றைப் பார்த்து அதைப் போலச் செய்வதெல்லாம் இழிவு என்று முடிவு கட்டிவிட முடியாது. பிள்ளை தாயைப் பார்த்துப் பேசக் கற்கிறது. சீடன் ஆசானைப் பார்த்துத் தொழில் பழகுகிறான். கிறிஸ்தவ வாழ்வே ஒருவரைப் பின்பற்றும் வாழ்வுதான். அவ்வாறாயின் எது போலி, எது பின்பற்றுதல்? இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை எங்கே இருக்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடும் நாம், இம்மாதம் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்திற்குச் செல்வோம். அது ஜப்பானியக் கொல்லனின் உலைக்களம்.

மறைமாவட்டக் குடும்ப இதழில் வாளுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அவ்வினா நியாயமானதே, அதை நாம் மறந்துவிடவில்லை. முதலில் வாளைப் பற்றிய செய்தியைக் கேளுங்கள்.

ஜப்பானில் இன்றும் கையால் வாள் அடிக்கும் கொல்லர்கள் வாழ்கின்றனர். அவர்களுள் பலர், பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆசானின் வாளை முன்மாதிரியாகக் கொண்டு, அதைப் போன்ற ஒரு வாளை உருவாக்குவதையே தம் வாழ்நாள் முயற்சியாகக் கொண்டுள்ளனர். இவ்வாறு செய்யப்படும் வாளுக்கு அவர்கள் மொழியில் ‘உத்சுஷி’ என்று பெயர். படியெடுத்தல் என்பது அதன் பொருள். அதே ஒலியுடைய சொல் நீரிலும் கண்ணாடியிலும் உருவம் தெரிவதையும் குறிக்கும். அந்நாட்டில் இது திறமை குன்றியவனின் வேலையாக எண்ணப்படுவதில்லை. தேர்ந்த கொல்லனே துணியும் கடினமான வேலையாகக் கருதப்படுகிறது.

பெயர் பொறிக்காத ஆசான்

ஜப்பானியக் கொல்லருள் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் கூறும் பெயர் மசமுனே. இவர் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சகாமி நாட்டில், படைத்தலைவர்களின் ஆட்சிப் பீடமாக விளங்கிய காமகுரா நகரில் தொழில் புரிந்தவர். 1274-இலும் 1281-இலும் மங்கோலியப் படைகள் கடல் கடந்து வந்து ஜப்பானைத் தாக்கின. அந்த அச்சம் நீங்காத காலத்தில் வாழ்ந்த மசமுனே, வாளின் வலிமையோடு அழகையும் சேர்த்தார். அவருடைய வாள்களை ஒளியில் ஏந்திப் பார்த்தால் கூர்ப்பக்கத்தை ஒட்டி விண்மீன்களைத் தூவியது போன்ற நுண்ணிய துகள்கள் மின்னும். அவற்றிடையே ஒளிக்கீற்றுகள் ஓடும். அக்கீற்றுகளுக்கு மின்னல் என்றும் பொற்கோடு என்றும் வாளறிஞர்கள் பெயரிட்டுள்ளனர்.

வாள் செய்தவர் தம் பெயரைப் பொறிப்பது அந்நாட்டு வழக்கம். பெயர் பொறிக்கும் இடம், கைப்பிடிக்குள் செருகப்படும் காம்பு. கைப்பிடியைக் கழற்றினாலன்றி அதை எவரும் காண இயலாது. அவ்விடத்திலும் மசமுனே தம் பெயரைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. பெயருடன் கிடைத்து, ஐயமற ஏற்றுக்கொள்ளப்பட்டவை மிகச் சில குத்துவாள்களே. ஏனைய வாள்களை இரும்பின் இயல்பையும் தீயின் வேலைப்பாட்டையும் பார்த்தே அவருடையவை என்று அறிஞர்கள் உறுதி செய்கின்றனர். அவர் கையை அவர் வேலையே காட்டிக் கொடுக்கிறது.

ஆனால் அவர் பொறிக்காத பெயரைப் பிறர் பொறித்தனர். பிற்காலத்தில் மசமுனேயின் பெயரைப் பொய்யாகப் பொறித்த வாள்கள் ஏராளமாகத் தோன்றின. மறுபுறம், பெயர் திருடாமல் அவருடைய நெறியை மட்டும் கற்றுக்கொண்டவர்களும் இருந்தனர். ‘மசமுனேயின் பத்துச் சீடர்’ என்று ஒரு பட்டியலை ஜப்பானியர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவர்கள் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவர்கள். எல்லாருமே அவருடைய உலைக்களத்தில் நேரில் பயின்றிருக்க முடியாது. சிலர் காலத்தால் சற்றுப் பிந்தியவர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். எனினும் அவர்தம் வாள்களில் ஆசானின் நெறி தெளிவாகத் தெரிகிறது. ஆக, ஒரே ஆசானைச் சுற்றி இரு கூட்டத்தார் தோன்றினர்: அவர் பெயரை எடுத்துக்கொண்டவர் ஒரு சாரார், அவர் வழியை எடுத்துக்கொண்டவர் மற்றொரு சாரார்.

மணலிலிருந்து வாள் வரை

அவ்வழி எத்தகையது என்பதை அறிய வேண்டுமாயின் வாள் பிறக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்த்தல் வேண்டும்.

கொல்லன் கடையில் விற்கும் எஃகுப் பாளத்தை வாங்கி வாள் அடிப்பதில்லை. இரும்பு மணலைக் கரித்தீயில் உருக்கிப் பெறும் தனிவகை எஃகே அவனுக்குரிய மூலப்பொருள். அதற்குத் ‘தமஹகானே’ என்று பெயர். ஷிமானே மாநிலத்தின் ஒகுஇசுமோ என்னும் மலைப்பகுதியில் குளிர்காலத்தில் இதற்கென உலை மூட்டுகின்றனர். களிமண்ணால் உலையைப் புதிதாகக் கட்டி, துருத்தியால் காற்றூட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் இடைவிடாமல் மணலையும் கரியையும் மாறி மாறிச் சொரிகின்றனர். ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் மரக்கரியும் செலவாகின்றன. உலைக்குத் தலைவராக இருப்பவர் தீச்சுடரின் நிறத்தைப் பார்த்தும் உலையின் ஒலியைக் கேட்டும் அடுத்துச் செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறார். உலையின் களிமண் சுவரும் மெல்ல மெல்லக் கரைந்து உருகும் பொருளோடு கலந்துவிடுகிறது. இறுதியில் மெலிந்து நிற்கும் உலையை உடைத்தெறிந்து, உள்ளே திரண்டு கிடக்கும் சுமார் இரண்டரை டன் எடையுள்ள பாளத்தை இழுத்தெடுக்கின்றனர். அதிலும் ஒரு பகுதியே வாளுக்குத் தகுதியானது.

அந்த எஃகைக் கொல்லன் தட்டையாக அடித்து, சிறு சில்லுகளாக உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறான். நல்லவற்றை அடுக்கி, காகிதத்தால் சுற்றி, வைக்கோற் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி உலையில் இடுகிறான். வெண்மை கலந்த மஞ்சள் நிறம் ஏறியதும் அடைகல்லில் வைத்து அடிக்கின்றனர். ஆசான் சிறு சுத்தியலால் தட்டி இடம் காட்ட, சீடர் அதே இடத்தில் பெருஞ்சம்மட்டியால் அடிப்பது மரபு. இக்காலத்தில் விசையால் இயங்கும் சம்மட்டியும் பயன்படுகிறது. ஒருவர் பேசும்போது கேட்பவர் ‘ஆம், ஆம்’ என்று இடையிடையே மறுமொழி தருகிறாரே, அதைக் குறிக்க ஜப்பானியர் வழங்கும் சொல்லே, இவ்வாறு ஆசானும் சீடனும் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து பிறந்ததுதான்.

நீண்ட எஃகை நடுவே வெட்டி, மடித்து, மீண்டும் காய்ச்சி அடிக்கின்றனர். இவ்வாறு பத்து முதல் பதினைந்து முறை வரை மடிப்பதுண்டு. பதினைந்து முறை மடித்தால் அடுக்குகள் 32,768 ஆகிவிடும். ஒவ்வோர் அடியிலும் அழுக்கு பொறியாகச் சிதறுகிறது. அழுக்கோடு நல்ல எஃகும் குறைகிறது. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளாமல் தூய்மை கிடைப்பதில்லை. பின்னர், கடினமான எஃகை வெளிப்புறமாகவும் மென்மையான இரும்பை உள்ளகமாகவும் வைத்து ஒன்றாக்குகின்றனர். வெளியே கடினம் இல்லாவிடில் கூர் நில்லாது. உள்ளே மென்மை இல்லாவிடில் வாள் ஒடிந்துபோகும்.

இனி வருவதே வாளின் உயிர்நிலை. உருவாக்கிய வாளின் மேல் கொல்லன் களிமண் கலவையைப் பூசுகிறான். முதுகுப் பக்கம் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசுவான். பின்னர்ப் பட்டறையை இருளாக்கிவிட்டு, ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை வாளைக் காய்ச்சுகிறான். அளவு காட்டுவது கருவி அன்று. இருளில் தெரியும் செந்நிறமே. தக்க கணத்தில் வாளைத் தண்ணீரில் தோய்க்கிறான். மெல்லிய பூச்சுள்ள கூர்ப்பக்கம் நொடியில் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கத்தோடு நிற்கிறது. விரைந்து குளிர்ந்த பகுதி சற்றே விரிவதால், வாளுக்குரிய அழகிய வளைவு அப்பொழுது கூடி வருகிறது. சில வேளைகளில் வாள் அந்தக் கணத்திலேயே விரிசல் கண்டு, அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுவதும் உண்டு.

கடினமும் இளக்கமும் சந்திக்கும் அந்த எல்லைதான் வாளின் நீளம் முழுவதும் அலைபோல் ஓடும் வெண்ணிறக் கோடாகத் தெரிகிறது. ஜப்பானியர் அதை ‘ஹமோன்’ என்பர். இக்கோட்டை எவரும் வரைவதில்லை. தீயும் மண்ணும் நீரும் எஃகும் ஒரு கணத்தில் கூடியதன் அடையாளம் அது. பின்னர் வாள் தீட்டுவோர் பல வகைக் கற்களால் நாட்கணக்கில் தேய்த்துத் தீட்டி அக்கோட்டை வெளிக்கொணர்வர். அவர்கள் செய்வது, உள்ளே இருப்பதைக் காணச் செய்வது மட்டுமே. இல்லாத கோட்டை எந்தக் கல்லாலும் உண்டாக்க முடியாது.

அரித்து வரைந்த கோடு

இதனோடு ஒப்பிட வேண்டிய மற்றொன்று உண்டு. ஆலையில் உருட்டிய எஃகுத் தகட்டை வாள் வடிவில் வெட்டி, அமிலத்தால் அரித்து அலைக்கோடு ஒன்றை வரைந்து, மசமுனேயின் பெயரைச் சொல்லி விற்கும் அலங்கார வாள்கள் உலகெங்கும் மலிந்து கிடக்கின்றன. சுவரில் மாட்டி வைத்தால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கோடு இருக்கிறது; வளைவு இருக்கிறது; பெயரும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டின் இரு பக்கத்து எஃகும் ஒரே தன்மையுடையது. எந்தக் கடினத்தின் எல்லையும் அங்கில்லை. அது எதற்கும் அடையாளமன்று. தேய்த்தால் மறைந்துபோகும். உண்மையான வாளின் கோடோ, தேயத் தேய மீண்டும் உள்ளிருந்து தோன்றும்.

உண்மையான உத்சுஷி எத்தகையது என்பதற்கு 1590-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். மேற்சொன்ன பத்துச் சீடருள் ஒருவராக எண்ணப்படுபவர் பிஸென் நாட்டுச் சோகி. அவர் செய்த வாள் ஒன்று அஷிகாகா என்னும் ஊரின் தலைவரான நாகாவோ அகினாகாவிடம் இருந்தது. தெற்கே கியூஷூத் தீவில் பிறந்து நாடெங்கும் அலைந்து தொழில் கற்ற குனிஹிரோ என்னும் கொல்லரிடம், அதை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு வாள் செய்யுமாறு அத்தலைவர் பணித்தார். குனிஹிரோ செய்து முடித்தார். காம்பில் அவர் சோகியின் பெயரைப் பொறிக்கவில்லை. தம் பெயரையும், தாம் பிறந்த நாட்டையும், ஆண்டையும் மாதத்தையும், செய்வித்த தலைவரின் பெயரையும் பொறித்தார். சோகியின் வாள் இன்று நாகோயா நகரில் உள்ள தோக்குகாவா கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்த வாளோ, குனிஹிரோவின் படைப்புகளுள் தலையாயது என்று புகழப்பெற்று, அந்நாட்டு அரசால் முதன்மை வாய்ந்த பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளது. பிறரைப் பின்பற்றிச் செய்த வேலையிலேயே ஒருவர் தம் உயர்ந்த நிலையை அடைந்தார் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

போலிக்கும் பின்பற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிறதன்றோ? போலி செய்பவன் ஆசானின் பெயரை எடுத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை விட்டுவிடுகிறான். பின்பற்றுபவன் ஆசான் பட்ட பாட்டை எடுத்துக்கொண்டு, அவர் பெயரை அவருக்கே விட்டுவிடுகிறான். செய்ததற்குத் தன் பெயரை இட்டு, தானே பொறுப்பேற்கிறான்.

அசல் மறைந்தது, வழி மறையவில்லை

இத்தொழில் அழியும் நிலையை இருமுறை அடைந்தது. 1876-இல் ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. பரம்பரை பரம்பரையாக வாள் அடித்தவர்கள் பிழைப்பின்றிக் கத்தியும் அரிவாளும் செய்யப் போயினர். அடுத்து 1945-இல், போரில் தோற்ற அந்நாட்டில் வாள்கள் அனைத்தையும் ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. பல அழிக்கப்பட்டன. தோக்குகாவா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததும், 1939-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டதுமான ‘ஹோன்ஜோ மசமுனே’ என்னும் வாளும் அவ்வாண்டு டிசம்பரில் டோக்கியோவில் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. 1946 ஜனவரியில் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட அது என்னவாயிற்று என்பது இன்றுவரை துலங்கவில்லை. மசமுனேயின் வாள்களுள் மிகவும் புகழ்பெற்றது அவ்வாறு மறைந்தது.

ஆனால் தொழில் மறையவில்லை. கலைச்சிறப்புள்ள வாள்களையேனும் விட்டுவைக்க வேண்டுமென்று அறிஞர்கள் வாதாடினர். 1948-இல் வாட்கலையைக் காக்கும் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. போரின் முடிவோடு அணைந்துபோன மணலுருக்கும் உலையை அச்சங்கம் 1977-இல் ஒகுஇசுமோவில் மீண்டும் மூட்டியது. முதியவர்களின் கைகளில் எஞ்சியிருந்த அறிவு, அவர்கள் கண்மூடுமுன் இளையவர் கைகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று அந்நாட்டில் வாள் அடிக்க விரும்புவோர் உரிமம் பெற்ற கொல்லர் ஒருவரிடம் ஐந்தாண்டுகளேனும் பயின்று, அரசு நடத்தும் தேர்வில் தேறுதல் வேண்டும். தேறியவரும் மாதத்திற்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்தல் கூடாது. வேகம் அவர்களுக்கு விலக்கப்பட்டுள்ளது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்த பொருள் ஒரு நாள் தொலைந்துபோகலாம். கைவழியாகக் கற்றுக் கொடுக்கப்பட்டது தொலைவதில்லை. மசமுனேயின் வாள் ஒன்று காணாமற்போனது. மசமுனேயின் வழியோ, இவ்வாண்டும் எங்கோ ஓர் இருண்ட பட்டறையில் செந்நிறம் பார்த்து நிற்கும் ஓர் இளைஞனின் கண்ணில் இருக்கிறது.

வாளைப் பற்றி ஒரு வார்த்தை

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவிற்கு வருவோம். என்னதான் அழகாயிருப்பினும் வாள் கொலைக்கருவி அன்றோ? ஆம், கொலைக்கருவியே. அதை மூடி மறைப்பதற்கில்லை. 1942 முதல் 1945 வரை மலாயாவில் வாழ்ந்த தமிழருக்கு ஜப்பானியப் படையதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாள் கலைப்பொருளாகத் தோன்றியிருக்க முடியாது. சயாமிலிருந்து பர்மாவிற்கு இரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரவர் காட்டில் மடிந்தனர். அவர்தம் நினைவை மறந்துவிட்டு வாளின் அழகைப் பாடுவது நமக்குத் தகாது. அக்காலத்தில் அதிகாரிகள் அணிந்த வாள்களுள் பெரும்பாலானவை ஆலைகளில் குவியல் குவியலாகச் செய்யப்பட்டவை என்பது உண்மை. ஆனால் பட்டறையில் செய்த வாளும் வெட்டத்தான் செய்யும். கெத்சமெனித் தோப்பில் இராயப்பர் உருவிய வாளை உறையில் இடும்படி நம் ஆண்டவர் பணித்ததே நமக்குச் சட்டம்.

வியப்பு யாதெனில், ஜப்பானியரிடையே வழங்கும் ஒரு கதையும் இதே திசையைக் காட்டுகிறது. மசமுனேயும் முராமசா என்னும் கொல்லரும் தத்தம் வாளை ஓர் ஓடையில் நட்டு வைத்தார்களாம். முராமசாவின் வாள் நீரில் வந்த இலை, மீன் யாவற்றையும் வெட்டித் தள்ளியதாம். மசமுனேயின் வாளை இலைகள் தாமே விலகிச் சென்றனவாம். பார்த்துக்கொண்டிருந்த துறவி ஒருவர், குற்றமற்றவற்றைக் காயப்படுத்தாத வாளே உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறினாராம். முராமசா 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர் ஆதலால் இருவரும் சந்தித்திருக்க வழியில்லை; இது வெறும் கதையே. ஆயினும் தம் ஆசான்களுள் யாரை உயர்த்த வேண்டுமென்று ஒரு மக்கட்கூட்டம் விரும்பியது என்பதை அது காட்டுகிறது.

கதையில் மட்டுமன்று, வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஞான உபதேசம் கற்பித்த புனித சவேரியார், 1549-இல் ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். அவர் விதைத்த விதையில் விளைந்த பயிர்களுள் ஒருவர் தகாயாமா உகோன். 1552-இல் வீரர் குடியில் பிறந்து, சிறுவனாக இருக்கையிலேயே தந்தையைப் பின்பற்றித் திருமுழுக்குப் பெற்று யுஸ்தோ என்னும் பெயர் ஏற்றவர். கோட்டைக்கும் படைக்கும் தலைவரானவர். 1587-இல் ஆட்சித் தலைவர் ஹிதேயோஷி, விசுவாசத்தை விடு, அல்லது நிலத்தையும் பதவியையும் விடு என்றார். உகோனிடம் படை இருந்தது. இடுப்பில் வாள் இருந்தது. அவர் வாளை உருவவில்லை. நிலத்தையும் பதவியையும் விட்டார். 1614-இல் கிறிஸ்தவர்களை நாடு கடத்த ஆணை பிறந்தபோது, ஏனைய விசுவாசிகளோடு கப்பலேறி மணிலா சென்றார். 1615 பிப்ரவரியில் அங்கேயே உயிர் நீத்தார். 2017 பிப்ரவரி 7-ஆம் நாள் ஒசாகா நகரில் அவர் மறைசாட்சியாக அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

உகோனும் குனிஹிரோவும் ஒரே காலத்தவர். ஒருவர் சோகியின் வாளைத் தம் கையால் மீண்டும் செய்தார். மற்றவர் கிறிஸ்துவின் சிலுவையைத் தம் வாழ்வால் மீண்டும் சுமந்தார். இருவரும் தம் ஆசான் நடந்த வழியில் நடந்தனர். ஆனால் உகோன் வாளினும் மேலானதைப் பின்பற்றினார். உலைக்களத்திலிருந்து நாம் கற்க வேண்டியது வாளையன்று, பின்பற்றும் முறையையே.

நம் இல்லங்களில்

‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்னும் நூலைத் தலைமாட்டில் வைத்து வாசித்த முன்னோர் நம் குடும்பங்களில் இருந்தனர். அநுசாரம் என்றால் பின்பற்றுதல். தாம் கிறிஸ்துவின் அடியொற்றி நடப்பதைக் காட்டி, தம்மைப் பார்த்து நடக்குமாறு புனித சின்னப்பர் தம் மக்களை அழைத்தார். அவர் துணிந்து அழைத்தார். ஏனெனில் அவரிடம் இருந்த கோடு தீயில் பிறந்தது. நம் பிள்ளைகளை நாம் அவ்வாறு அழைக்க முடியுமா?

நம்மிடம் கிறிஸ்தவப் பெயர் இருக்கிறது. கழுத்தில் சிலுவை இருக்கிறது. வீட்டு முகப்பில் திருஇருதயப் படம் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கோடு தெரிகிறது. ஆனால் பன்னிரண்டு வயது கடந்த பிள்ளைக்கு அரைச்சீட்டு வாங்குவதற்காக நடத்துனரிடம் வயதைக் குறைத்துச் சொல்லும் தந்தை, அன்று மாலை அதே பிள்ளையைப் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கச் சொன்னால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஞாயிறு திருப்பலியில் சமாதான வாழ்த்துக் கூறிவிட்டு, பாகப்பிரிவினையில் பகைத்த தம்பியின் வீட்டுக்குப் பத்தாண்டுகளாகப் போகாதிருக்கும் அண்ணனைப் பார்த்து, அவருடைய மக்கள் மன்னிப்பைப் பற்றி என்ன அறிந்துகொள்வர்? செபமாலை சொல்லும்படி பிள்ளைகளை ஏவிவிட்டுத் தாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர், எந்த வழியைக் கையளிக்கின்றனர்? இவையெல்லாம் அமிலத்தால் அரித்து வரைந்த கோடுகள். நாள்படத் தேயும், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின் மறைந்தே போகும். பின்னர், பிள்ளைகள் கோயிலுக்குப் போவதில்லை என்று காலத்தின் மேல் பழி போடுகிறோம்.

தீயில் பிறக்கும் கோடு வேறு வகையாக வருகிறது. நட்டம் வரினும் பொய் சொல்லாத தந்தையின் கடையில் வருகிறது. மாமியாரின் நோய்ப்படுக்கைக்கு அருகில் முகம் சுளிக்காமல் இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளின் கைகளில் வருகிறது. மூத்தவன் முதலில் மன்னிப்புக் கேட்கும் வீட்டில் வருகிறது. எவரும் அதை வரைவதில்லை. துன்பத்தின் வெப்பமும் அருளின் குளிர்ச்சியும் சந்திக்கும் இடத்தில் அது தானே தோன்றுகிறது. வெளியே உறுதியும் உள்ளே இளக்கமும் வேண்டும் என்னும் கொல்லனின் சட்டம் பெற்றோருக்கும் பொருந்தும். கண்டிப்பு மட்டும் உள்ள இல்லம் ஒருநாள் ஒடிகிறது. கனிவு மட்டும் உள்ள இல்லத்தில் கூர் நிற்பதில்லை.

அன்பர்களே, நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற கோயில்களும் தேர்களும் சுரூபங்களும் பெருஞ்செல்வங்களே. ஆனால் அவை தொலையக்கூடியவை. நம் பிள்ளைகளின் கையில் நாம் பயிற்றுவிக்கும் வழியே தொலையாதது. அதைப் பயிற்றுவிக்க நமக்குக் கொடுக்கப்பட்ட காலம் குறுகியது. ஆசான் கண்மூடுமுன் சீடன் கற்றாக வேண்டும். பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படுமுன் பெற்றோர் காட்டியாக வேண்டும். ஆதலின் இன்றிரவு குடும்பச் செபத்திற்குப் பின், ‘என்னிடம் என் பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று உண்டா?’ என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்ப்போமாக. உண்டெனில் இறைவனுக்கு நன்றி கூறுவோம். இல்லையெனில் உலை இன்னும் அணைந்துவிடவில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

தம் பெயரை நமக்குச் சூட்டிய ஆண்டவர், அப்பெயருக்குத் தக்கவாறு தம் வழியிலும் நம்மை நடத்துவாராக!